நன்னீரின் மேல் ஓர் எண்ணெய்ப் படலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆறு என்று பெயர் பெற்றது ஒன்றுண்டு, அது வழுக்கையாறு. மாரி பெய்தால் ஓடும். மாரி நின்றால் அதன் தடத்தைத் தேடித்தான் காணவேண்டும். ஆண்டு முழுவதும் நீர் சுமந்து வரும் ஆறு ஒன்றேனும் இல்லாத இந்நிலத்திலே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் செழித்தன என்றால், அது கிணறு தந்த வாழ்வு. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலம் போய், இயந்திரம் இறைக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் அடியில் இருப்பது அதே நீர்தான். இத்தகைய நாட்டிலே, கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கின்றது என்ற செய்தி சுன்னாகத்திலிருந்து வந்தபோது, அதனை ஓர் ஊரின் செய்தியாக எவரும் கொள்ள முடியவில்லை. எண்ணெய் நிலத்தினுள் இறங்கினால் அதை எவ்வாறு தேடிக் கண்டுபிடிப்பது, தேடியவர்கள் ஏன் ஒருவருக்கொருவர் முரணாகப் பேசுகிறார்கள் என்பன பற்றிச் சிறிது விரிவாக எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. பாடசாலையில் இரசாயனம் கற்பித்தவன் என்ற முறையில் இவ்வினாக்கள் என்னிடமும் கேட்கப்பட்டன.

முதலில் நீரின் இருப்பைப் பார்ப்போம். எமது செம்மண்ணின் கீழே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மண் பல இடங்களில் ஒரு சில அடி ஆழமே உடையது; அதன்பின் கல்தான். கிணறு வெட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தக் கல்லோ திண்மையான பாறையன்று. மழைநீர் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக அதனைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் ஆக்கி வைத்திருக்கிறது. நிலாவரையும் கீரிமலையும் அந்தக் கரைவின் வெளித்தோற்றங்களே. இக்கல்லினுள் மழைநீர் சென்று, பக்கங்களிலிருந்து புகுந்துள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல்நீர் சற்றுப் பாரமானது, நன்னீர் இலேசானது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. ஒல்லாந்தராகிய கைபன் 1889 இலும், ஜேர்மானியராகிய ஹெர்ஸ்பேர்க் 1901 இலும் ஒருவரையொருவர் அறியாமலே கண்ட உண்மை இது. இந்த ‘ஒன்றுக்கு நாற்பது’ என்னும் கணக்கை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னரும் அது வேண்டப்படும்.

இனி எண்ணெய். நிலத்தில் விழுந்த எண்ணெய் முதலில் மண்ணின் துளைகளை நனைத்துக்கொண்டு கீழிறங்கும். இறங்கும் வழியெல்லாம் தன்னில் ஒரு பகுதியை மண்ணிலே பிடிகொடுத்துவிட்டுச் செல்லும். மிகுதி நீர்மட்டத்தை அடைந்ததும், நீரிலும் இலேசானதாகையால், அதன்மேல் படர்ந்து நிற்கும். மாரியிலே நீர்மட்டம் உயரும்போது எண்ணெயும் உயரும்; கோடையிலே தாழும்போது எண்ணெயும் தாழும். இவ்வாறு ஏறியும் இறங்கியும் பல அடி தடிப்புள்ள கல்லையும் மண்ணையும் அது பூசி வைத்துவிடுகின்றது. அதிலிருந்து நீரிற் கரையக்கூடிய பகுதி சிறிது சிறிதாகக் கரைந்து நீரோட்டத்தோடு போகும். இவற்றுள் கண்ணுக்குத் தெரிவது மிதக்கும் படலம் ஒன்றே. மண்ணில் ஒட்டியது தெரியாது. கரைந்தது தெரியவே தெரியாது.

சுன்னாகத்தில் பல பத்தாண்டுகளாகவே மின்னிலையம் இருந்து வந்தது. போரின் இறுதி ஆண்டுகளிலும் அதன் பின்னரும் அங்கே தனியார் நிறுவனம் ஒன்று உலை எண்ணெயைக் கொண்டு மின்னுற்பத்தி செய்தது. அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் வாடையும் படலமும் காணப்படுவதாக மக்கள் முறையிட்டனர். 2014 ஆம் ஆண்டளவில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் பரிசோதித்த கிணறுகளுட் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவைக் கடந்திருந்தன. 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் அந்நிறுவனத்தின் உற்பத்தி நின்றது. ஆனால் வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான எண்ணெய் மாசு இல்லையென்ற கருத்தை வெளியிட்டது. எண்ணெய் உண்டு என்று ஓர் அறிக்கை. இல்லையென்று மற்றோர் அறிக்கை. வீதியோரங்களில் வைத்த நீர்த் தாங்கிகளிலே பௌசர் வந்து குடிநீர் நிரப்பிப் போயிற்று. இரு அறிக்கைக்கும் நடுவிலே ஊர் நின்றது.

அந்நாட்களில் ஒருநாள், சுன்னாகத்துக்கு அண்மையில் ஓர் ஒழுங்கையில், என் பழைய மாணவன் ஒருவனுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய தாயார் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று ஒரு வாளி நீரை அள்ளி என் முன்னே வைத்தார். வெயிலிலே சரித்துப் பார்த்தால் மெல்லிய நிறங்கள் ஓடுவது போலவும் இருந்தது. இல்லாதது போலவும் இருந்தது. “மாஸ்ரர், நீங்கள் படிப்பிச்ச ஆள். இருக்கெண்டால் இருக்கெண்டு சொல்லுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து நிக்கிறாள். தண்ணி குடுக்கிறதோ விடுகிறதோ?” என்றார். குடிக்கவும் சமைக்கவும் இந்நீர் வேண்டாம், பௌசர் நீரே போதும் என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்ல என் மூக்கும் கண்ணும் போதவில்லை. “அப்ப இருக்குத்தானே?” என்று அவர் மறுபடியும் கேட்டார். அந்த அம்மையாருக்கு வேண்டியது ஒரு சொல். விஞ்ஞானம் தரக்கூடியதோ, எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், எந்த மாதத்தில், எந்தப் பொருள், எவ்வளவு என்ற விடை. இந்த இடைவெளியிலேதான் முரண்பாடுகள் எல்லாம் புகுந்துகொள்கின்றன.

இத்தகைய ஆராய்ச்சி எவ்வாறு நடைபெறவேண்டும் என்பதை எளிதாக விளக்கப் பெற்றோல் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே தாங்கிகள் தரைக்குக் கீழே புதைந்திருக்கின்றன. பழைய முறையிலே புதைத்த வெறும் உருக்குத் தாங்கி, ஈரமண்ணிலே துருப்பிடித்து ஓட்டை விழும். குழாய்களின் பொருத்துகள் தளரும். முதற் சாட்சி நிலத்தில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. காலையில் அளவுகோலை இறக்கித் தாங்கியில் எவ்வளவு நின்றது என்று குறிக்கிறார்கள்; பௌசர் கொண்டுவந்தது எவ்வளவு, பம்பி விற்றது எவ்வளவு என்றும் குறிக்கிறார்கள். வெப்பத்தால் எரிபொருள் விரிந்து சுருங்கும். ஆகவே நாள்தோறும் சிறு வேறுபாடு இருக்கும். ஆனால் ஒரு நாள் கூடியும் மறுநாள் குறைந்தும் வரவேண்டிய வேறுபாடு, மாதக்கணக்காகக் குறைவாகவே வருமாயின், நிலம் குடிக்கிறது என்று அறியவேண்டும். விநாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு நாலு லீற்றருக்கு மேல். ஆண்டொன்றுக்கு ஆயிரத்தைந்நூறு லீற்றரளவு.

இதன் பொருளை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். பெற்றோலில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் இருப்பதாகக் கொள்வோம். பென்சீன் புற்றுநோய் விளைக்கும் பொருள். குடிநீரில் அது லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நூறு லீற்றர் பெற்றோல் ஒழுகினால் அதில் பென்சீன் ஒரு லீற்றர். நிறை ஏறத்தாழ 880 கிராம். அது முழுவதும் நீரிற் கரையுமானால் 8 கோடி 80 இலட்சம் லீற்றர் நீரை அந்த எல்லைவரை கொண்டுவரும். எங்கள் தோட்டக் கிணறு ஒன்றில் 50,000 லீற்றர் நீர் நிற்பதாக வைத்தால், 1,760 கிணறுகள்! உண்மையில் முழுவதும் கரைவதில்லை. ஆவியாகும், மண்ணில் ஒட்டும், பற்றீரியாக்கள் தின்று தீர்க்கும். ஆயினும் கணக்கு எதற்கென்றால், கண்ணுக்குத் தெரியாத அளவு என்பது தீங்கற்ற அளவு என்று ஆகாது என்பதைக் காட்டுவதற்கே.

கணக்குப் புத்தகம் ஐயத்தை எழுப்பியபின் துளையிடுவார்கள். தாங்கியைச் சுற்றிப் பல இடங்களில் மண்ணை ஆழம் ஆழமாக எடுத்து, போத்தலில் அடைத்து, மேலே நிற்கும் ஆவியைக் கருவியால் அளப்பர். அதன்பின் கண்காணிப்புக் கிணறுகள். இவை குடிப்பதற்கல்ல, கேள்வி கேட்பதற்காக வெட்டப்படுபவை. ஒடுங்கிய குழாய்க் கிணறுகள். குறைந்தது மூன்று வேண்டும். மூன்றிலும் நீர்மட்டத்தின் உயரத்தைத் திட்டமாக அளந்தால், நீர் எத்திசையில் சாய்ந்து ஓடுகிறது என்பது முக்கோணக் கணக்கால் வந்துவிடும். அத்திசையிலே மேலும் கிணறு வெட்டி மாசு எவ்வளவு தூரம் போயிற்று என்று தொடர்வர்.

மணல் நிலத்தில் இது ஒழுங்காக நடக்கும். எம்முடைய சுண்ணாம்புக் கல்லிலோ மூன்று கிணற்றுக் கணக்கு ஏமாற்றவும் கூடும். நீர் இங்கே துளைகளுக்கூடாகக் கசிவதோடு நிற்காமல், வெடிப்புகளுக்கூடாகவும் ஓடுகிறது. அருகிலுள்ள கிணறு தப்பிவிட, அரை மைல் தள்ளி ஒரே வெடிப்பில் அமைந்த கிணறு மாசுபடலாம். அயல்வீட்டில் எண்ணெய், நடுவீட்டில் இல்லை, அடுத்த வீட்டில் எண்ணெய் என்று மக்கள் சொன்னால், அது அவர்களின் கற்பனை என்று நகைப்பதற்கில்லை. இக்கல்லின் இயல்பு அது. இத்தகைய நிலங்களில் புளோரசீன் போன்ற தீங்கற்ற சாயத்தை ஓரிடத்தில் இட்டு, எக்கிணற்றில் எந்நாளில் தோன்றுகிறது என்று பார்ப்பது உண்டு. எங்கெங்கே நீர் இணைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று இல்லை.

நீரை எடுக்கும் முறையோ பலரும் கவனியாத ஒன்று. எண்ணெய் மேலே மிதக்கிறது. இயந்திரத்தின் குழாயோ அடியிலே கிடக்கிறது. குழாயைத் திறந்து போத்தலில் பிடித்தவர் அடிநீரைப் பிடித்தார்; வாளியால் அள்ளியவர் மேல்நீரை அள்ளினார். இருவரும் ஒரே கிணற்றைப் பரிசோதித்ததாக எழுதுவர், முடிவு இரண்டாகும். போத்தலும் கண்ணாடியாக இருக்கவேண்டும். அந்த நீரால் முன்கூட்டியே அலசவும் கூடாது. ஏனெனில் எண்ணெய் சுவரில் ஒட்டி அளவைக் கூட்டிவிடும். ஆய்வுகூடத்திலும் போத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றிப் பார்க்காமல், முழுப் போத்தலையும் கரைப்பானால் கழுவி எடுக்கவேண்டும். மாரி முடிந்தவுடன் எடுத்ததா, ஆவணி வெயிலில் எடுத்ததா என்பதும் முடிவை மாற்றும். இவையெல்லாம் சில்லறைச் செய்திகளாகத் தோன்றலாம். ஓர் ஊர் தன் கிணற்றை நம்பலாமா என்பது இந்தச் சில்லறைகளிலே தங்கியிருக்கிறது.

அதனினும் முக்கியமானது எதைத் தேடுகிறோம் என்பது. ‘எண்ணெயும் கிறீசும்’ என்ற பரிசோதனையில் நீரை எக்சேன் போன்ற கரைப்பானோடு குலுக்கி, கரைப்பானிற் சென்றதை உலர்த்தி நிறுப்பர். உலை எண்ணெய் அதில் அகப்படும். ஆனால் தாவர மெழுகும் கொழுப்பும் சேர்ந்தே அகப்படும். ஆகவே, ‘அது வேறு ஏதோ’ என்று மறுப்போருக்கு இடமுண்டு. பென்சீன், தொலுயீன் முதலிய இலேசான ஐதரோகாபன்களைத் தேடும் பரிசோதனை மிகவும் நுட்பமானது. அது பெற்றோல் ஒழுக்குக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் உலை எண்ணெயில் அவை மிகக் குறைவு. பாரமான பகுதிகளே மிகுதி. பாரமான எண்ணெய் சிந்திய இடத்திலே பென்சீனை மட்டும் தேடி, இல்லையென்று கண்டு, எண்ணெயே இல்லையென்று முடித்தால், மாமரத்தில் தேங்காய் தேடி, தோட்டத்தில் மரமே இல்லையென்று சொன்னவாறாகும். எவர் எந்தப் பரிசோதனையைச் செய்தார், எந்த எல்லைவரை அக்கருவியால் அளக்க முடியும் என்பவற்றை அறிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதவேண்டும் என்பது என் கருத்து. ‘இல்லை’ என்ற சொல்லுக்கும் ‘இக்கருவிக்கு அகப்படவில்லை’ என்ற சொற்றொடருக்கும் உள்ள வேறுபாட்டை மறைப்பது விஞ்ஞானிக்கு அழகன்று.

அடுத்து எழுவது, யாருடைய எண்ணெய் என்ற வினா. சுன்னாகத்திலும் அது எழுந்தது. போர்க்காலத்தில் எண்ணெய்த் தாங்கி சேதமுற்றுச் சிந்திய பழைய எண்ணெயே காரணம் என்ற வாதமும் இருந்தது. இவ்வினாவுக்கு விடை காண ‘காஸ் குரோமற்றோகிராவ்’ என்னும் கருவி உதவும். எண்ணெயிலுள்ள நூற்றுக்கணக்கான சேர்வைகளைப் பிரித்துத் தாளிலே சிகரங்களாக வரைந்து காட்டும். பெற்றோலுக்கு ஒரு வடிவம், டீசலுக்கு ஒன்று, உலை எண்ணெய்க்கு வேறொன்று. நெடுங்காலம் மண்ணிற் கிடந்த எண்ணெயிலே பற்றீரியாக்கள் நேர்ச்சங்கிலிச் சேர்வைகளை முதலில் தின்றுவிடுவதால் சில சிகரங்கள் தேய்ந்திருக்கும். தின்னக் கடினமான கிளைச் சங்கிலிகள் எஞ்சி நிற்கும். பழையதையும் புதியதையும் வேறுபடுத்த இஃது ஒரு வழி.

நிற்க. உலகின் மறுபுறத்திலே, எம்மைப்போலவே கடல்நீரின்மேல் மிதக்கும் நன்னீரை உண்டு வாழும் ஓர் ஊர் உண்டு; ஹவாயித் தீவுகளிலுள்ள ஹொனலூலு. அங்கே ‘றெட் ஹில்’ என்னும் குன்றினுள், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையினர் இருபது மாபெரும் எரிபொருள் தாங்கிகளைப் பாறையைக் குடைந்து அமைத்தனர். அவற்றின் அடியிலிருந்து ஏறத்தாழ நூறடி கீழே தரைக்கீழ் நீர். 2021 நவம்பரில் எரிபொருள் கசிந்து குடிநீர் எடுக்கும் கிணற்றை அடைந்தது. கடற்படை நீர்வழங்கலை நம்பியிருந்தோர் ஏறத்தாழ 93,000 பேர். குழாயைத் திறந்ததும் பெற்றோல் வாடை வருகிறது என்று முதலில் சொன்னவர்கள் வீட்டிலிருந்த தாய்மார். நீர் பாதுகாப்பற்றது என்பதற்கு அறிகுறியில்லை என்றே அவர்களுக்கு முதலில் விடை வந்தது. பின்னர் ஆய்வுகூடம் தாய்மார் பக்கம் நின்றது. 2022 மார்ச்சில் அத்தாங்கிகளை நிரந்தரமாக மூடுவதெனத் தீர்மானித்தார்கள். செல்வம் மிகுந்த நாட்டிலும் முதற் கருவி மனித மூக்காகவே இருந்தது என்பதைச் சுன்னாகத்து மக்களை ஏளனம் செய்தவர்கள் கவனிப்பார்களாக.

சுன்னாகத்து வழக்கு தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் தாக்கல் செய்த மனுவாக உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி வெளியான தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்ற தத்துவத்தை ஏற்று, நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமெனப் பணித்தது. மாசுற்ற கிணற்றைத் துப்புரவாக்கும் செலவின் ஒரு பகுதியாக, பாதிக்கப்பட்டவருக்கு 40,000 ரூபாவரை கிடைக்கும் என்பது ஏற்பாடு. சட்டம் தன் கடமையைச் செய்தது. நாற்பதாயிரம் ரூபாவால் கிணற்றை இறைக்கலாம்; சுவரைத் தேய்த்துக் கழுவலாம். கிணற்றைச் சுற்றியுள்ள கல்லைக் கழுவ முடியாதே! இறைத்த கிணற்றில் ஊற்று மீண்டும் சுரக்கும்போது, கல்லின் துளைகளில் ஒட்டிய எண்ணெய் மீண்டும் சிறிது சிறிதாக வந்து சேரும்.

அப்படியானால் இயந்திரம் வைத்து மாதக்கணக்காக இறைத்து, சுத்திகரித்து வெளியே விட்டால் என்ன என்று கேட்கலாம். பிற நாடுகளில் அவ்வாறு செய்கிறார்கள். இங்கேதான் ‘ஒன்றுக்கு நாற்பது’ வந்து நிற்கிறது. நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தி அவ்வாறே நெடுநாள் வைத்திருந்தால், அடியில் கடல்நீர் நாற்பது அடி ஏறி வர முயலும். எண்ணெயை எடுக்கப் போய் உப்பை அழைத்தவர்களாவோம். எனவே எமது நிலத்துக்கு ஏற்ற வழி, மேலே மிதப்பதை மட்டும் மெல்ல வடித்தெடுப்பது, எண்ணெயூறிய மண்ணைத் தோண்டி அகற்றுவது, மண்ணுக்குக் காற்றைச் செலுத்திப் பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் கொடுப்பது, பின்னர் காத்திருப்பது. காத்திருத்தல் என்பது கைகட்டியிருத்தல் அன்று. ஆண்டுக்கு இருமுறையேனும் அதே கிணறுகளில், அதே ஆழத்தில், அதே முறையில் அளந்து, முடிவைப் பிரதேச சபையின் சுவரிலே ஒட்டுவதாகும்.

குடாநாட்டில் எரிபொருள் புதைத்து வைத்திருக்கும் இடங்கள் எத்தனை, அவை எந்த ஆண்டிற் புதைத்தவை, அவற்றுக்கு நூறு யார் சுற்றளவில் உள்ள கிணறுகள் எவை என்ற பட்டியல் ஒவ்வொரு பிரதேச சபையிலும் மக்கள் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும். அது அதிகாரிகளின் வேலை. ஆசிரியர்களாலும் மாணவர்களாலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. எமது பாடசாலைகள் பலவற்றிலே கிணறு இருக்கின்றது. பறுவத்துக்குப் பறுவம் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று அளந்து, வாடை, நிறம், மேற்படலம் ஆகியவற்றையும் எழுதி வைத்தால், ஐந்து ஆண்டுகளில் எந்த நிபுணர் குழுவுக்கும் கிட்டாத பதிவு ஒன்று கைக்கு வரும். அதற்கு நாடாவும் கொப்பியும் போதும். சந்தேகம் தோன்றும் நாளில் மாத்திரம் கண்ணாடிப் போத்தலோடு ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டியிருக்கும்.